மாந்தலேக்காரர் யாரும் இல்லை

அன்புள்ள தம்பி,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் அறையில் மாந்தலேக்காரர் யாரும் இல்லை. நான் யாரையும் வாடகைக்கு வைக்கவில்லை. உன் கட்டிலில் உன் பாய் கிடக்கிறது, பாயின் மேல் உன் அம்மா உலர்த்திய மிளகாய் கிடக்கிறது. இந்த மழையில் அவளும் வேறு எங்கேதான் கொண்டுபோய்க் காயவைப்பாள்? கிட்டார் அதே ஆணியில் தொங்குகிறது. இதைப் போனில் சொன்னால் போதாதா, கோயில் திருவிழா மலரில் அச்சடித்து ஊரெல்லாம் படிக்க வைக்கவேண்டுமா என்று நீ கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் கேலிதான் வருகிறது, தம்பி. எழுத உட்கார்ந்தால்தான் கொஞ்சம் நிதானம் வருகிறது. வருஷா வருஷம் இந்த மலரில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் நான். இந்த வருஷமும் மலர்க்குழுவினர் வந்து, "வயிறு வலிக்கச் சிரிக்கணும் சயா" என்று, வாத்தியாரைக் கூப்பிடுகிற மாதிரி மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் மன்னிக்கட்டும். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அது நல்லதுதான். என் பேச்சுக்கு நீ அவசர அவசரமாகச் சிரித்ததெல்லாம் போதும், இதையாவது மெதுவாகப் படி.

உன் அப்பன் என்ன வேலை பார்க்கிறான் என்பது உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சூலே பகோடாப் புத்தர் கோயில் பக்கத்தில் ஒரு சின்னத் தனியார் பள்ளிக்கூடத்தில் நான் நர்ஸ். ஆமாம், மீசை வைத்த நர்ஸ். கல்யாண வீட்டில் புதுச் சம்பந்தி யாராவது "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டு, நான் சொன்னதும், உடனே உன் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார், இவளாவது டாக்டராக இருப்பாளோ என்று. அவள் தையல்காரி என்று தெரிந்ததும் பாயசத்தில் கவனம் செலுத்துவார். முழங்காலில் அடிபட்டு வருகிற பிள்ளைகளுக்கு மருந்து போடுகிற வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். ஆனால் முழங்கால்கள் கொஞ்சம்தான் வருகின்றன. வருவதெல்லாம் வயிறு. கணக்குப் பாடம் என்றால் வயிற்று வலி. கரண்ட் போனால் வயிற்று வலி. அண்ணன்காரன் ஊரை விட்டுப் போன மறுநாள் காலையில் வயிற்று வலி. அமுக்கிப் பார்த்தால் வயிறு பஞ்சு மாதிரி இருக்கும், காய்ச்சல் இருக்காது, ஆனால் கன்னத்தில் பூசிய தனாகா மரப்பட்டைச் சாந்து கண்ணீரில் கரைந்து மோவாய்வரை ஒழுகியிருக்கும். பிள்ளைகளுக்குப் பயம் வயிற்றில் குடியிருக்கிறது, தம்பி. பெரியவர்களுக்கு எங்கே இருக்கிறதோ, ஆளுக்கு ஆள் வேறு. எனக்கு நாக்கில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துகொண்டு கேலி பேசுகிறது.

அந்தப் பிள்ளைகளிடம் "என்ன பயம்?" என்று கேட்கக் கூடாது என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். கேட்டால் இன்னும் அழும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கையில ஒரு கிண்ணம் மொஹிங்கா வெச்சிருக்கேன்னு வெச்சுக்க, கொதிக்கக் கொதிக்க இருக்கு. முதல்ல நல்லா வாசனை பிடி. இப்போ ஊதி ஆத்து. அவசரப்படாதே, வாய் வெந்துடும்" என்பேன். அப்படி மோந்து மோந்து ஊதி ஊதி, பிள்ளையின் மூச்சு தானாக நிதானத்துக்கு வரும். பாதிப் பிள்ளைகள் அதற்குள் "பசிக்குது சயா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடும். நீயும் செய்து பார். உன்னோடு ஒரே அறையில் படுக்கிற புதுப் பையன் ராத்திரியெல்லாம் புரளுகிறான் என்று அம்மாவிடம் சொன்னாயாமே, அவனுக்கும் சொல்லிக்கொடு. மொஹிங்காவைக் கண்டிராத ஊர்க்காரனாக இருந்தால் ரசத்தை வைத்துக்கொள்ளட்டும்.

நிலம் ஆடிய நாள் உனக்கு மறக்காது. நீ வீட்டில் இருந்தாய். கீழே யாரும் இழுக்காமலே நம் வீட்டு மணி அடித்தது என்று நீதான் சொன்னாய். தெருவில் நிற்கிறவர்கள் இழுக்க மாடியிலிருந்து தொங்குகிற அந்த மணிக்கயிற்றைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். விளக்குகள் தொட்டில் மாதிரி ஆடின, பிள்ளைகளை எல்லாம் முற்றத்துக்கு இறக்கினோம். ஒன்று அழுதால் அடுத்தது அழும், அப்படி வரிசையாக அழுகை. தலைமை ஆசிரியை, பிள்ளைகள் பெரிய சயாமா என்று கூப்பிடுகிற அந்த அம்மாள், என் காதோரம் வந்து, "எதாவது சொல்லுங்க சயா, சிரிக்க வைங்க" என்றார். சிரிக்க வை என்று என்னிடம் சொன்னால், பசித்த பூனைக்கு மீனைக் காட்டின மாதிரிதான். ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். "ஒண்ணும் இல்ல பிள்ளைகளா, பூமி தூக்கத்துல புரண்டு படுத்துச்சு. அவ்வளவுதான். இப்போ மறுபடி தூங்கிடுச்சு" என்று சொல்லி, பூமி எப்படிக் குறட்டை விடும் என்று விட்டும் காட்டினேன். முற்றமே சிரித்தது. பெரிய சயாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்று சாயங்காலம் உன்னிடமும் அம்மாவிடமும் அதே குறட்டையை விட்டுக் காட்டி எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று உனக்கே தெரியும். அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மட்டும் சிரிக்காமல் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். நான் பார்க்கவில்லை. சிரிக்கிறவர்களைத்தான் நான் பார்ப்பேன்.

இது எனக்குப் புதுப் பழக்கம் இல்லை. உனக்கு ஐந்து வயதில், நம் சமையலறைப் பல்லியைக் காட்டி, "நான் வேலைக்குப் போனப்புறம் வீட்ல நடக்கிறதை எல்லாம் இது எங்கிட்ட சொல்லிடும்" என்றேன். ஒரு சின்ன விளையாட்டு. அதற்குப் பிறகு நீ சமையலறையில் வாயே திறக்கவில்லை. பசித்தால்கூட அம்மாவின் லுங்கியைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்த்தான் காதில் சொல்வாய். பல்லி சத்தம் போட்டால் போர்வைக்குள் போய்விடுவாய். அதை நான் எத்தனை கல்யாணத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்! நீ வளர்ந்து, மீசை அரும்பி, பந்தியில் என் எதிரே உட்கார்ந்திருக்கும்போதுகூடச் சொன்னேன். நீயும் சிரித்தாய். ஒரு குழந்தை தன் சொந்த வீட்டில் வாயைத் திறக்கப் பயந்திருக்கிறது என்பது அந்தக் கதைக்குள் இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

நீ ஏன் போனாய் என்று நான் இங்கே எழுத வேண்டியதில்லை. இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற உன் வயதில், ஒருவன் போயிருப்பான். விமான நிலையத்தில், உள்ளே போகிற வாசல் பக்கம், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நீ என்னைக் கேட்டாய்: "அப்பா, நான் எப்போ திரும்பி வரலாம்?" அம்மா அழுகிறாள், மாமா கடிகாரத்தைப் பார்க்கிறார், எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். என் நாக்கு வேலை செய்தது. "எதுக்குடா வர்றே? நீ போனா உன் இழுப்புக்குத் தப்பி மணிக்கயிறும் பிழைக்கும், ரூமுக்கு வாடகையும் வரும். மாந்தலேக்காரர் ஒருத்தர் நேத்தே வந்து பாத்துட்டுப் போயிட்டார்" என்றேன். நிலம் ஆடியதில் அங்கே வீடு இடிந்து இங்கே அறை தேடி அலைந்த சனங்களை வைத்துக் கேலி பேசியதற்கு அவர்களும் என்னை மன்னிக்க வேண்டும். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு உள்ளே போய்விட்டாய்.

அப்புறம் மழைக்காலத்தில் ஒரு நாள் போன் செய்தாய். பேச்சுக்கு நடுவில், "ரூம்ல யாருப்பா இருக்கா?" என்றாய்.

"மாந்தலேக்காரர்தான். தங்கமான மனுஷன். குறட்டை மட்டும் கொஞ்சம் அதிகம்."

"என் சாமான்லாம் எங்கப்பா வெச்சீங்க?"

"மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளியாச்சு."

"கிட்டார் மட்டும் ஈரம் படாம பாத்துக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

உன் அம்மா தையல் மிதியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏங்க, பையன் நெசமாத்தானே கேக்குறான்?"

"சும்மா சொல்றேன்னு அவனுக்குத் தெரியாதா?"

"இங்கே இருந்தப்போ உங்க மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுக்குவான். அங்கேருந்து மூஞ்சி தெரியுதா அவனுக்கு?"

நான் அதற்கும் ஏதோ கேலிதான் சொன்னேன். அம்மா அன்றைக்கே உனக்கு மறுபடி போன் போட்டு, அப்பா விளையாடுகிறார் என்று சொன்னாள். நீ "தெரியும்மா" என்றாயாம்.

இதற்கு நடுவில்தான் மோ மோ. முதல் வகுப்புப் பிள்ளை, அப்பாவும் அம்மாவும் சந்தையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார்கள். நிலம் ஆடியதிலிருந்து, விளையாட்டு நேரத்தில் மட்டும் அவளுக்குத் தவறாமல் வயிற்று வலி. செருப்பை வாசலில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து வந்து, கட்டில் ஓரத்தில் உட்காருவாள். மொஹிங்காவை ஊதச் சொன்னால்கூட, மெழுகுவத்தி அணைந்துவிடுமோ என்கிற மாதிரி ஊதுவாள். பெரிய சயாமா "எவ்வளவு அடக்கமான பொண்ணு பாருங்க" என்று மெச்சுவார். நானும் மெச்சினேன். இத்தனை வருஷம் இந்த வேலையைப் பார்த்துவிட்டு! உன் போன் வந்த அதே வாரம், மருந்து வைக்கிற எவர்சில்வர் தட்டு என் கையிலிருந்து நழுவி, தரையில் விழுந்து உருண்டது. கோயில் தாம்பாளம் விழுந்த மாதிரி சத்தம். மோ மோ பதறி எழுந்து, வாயில் விரலை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

"மெதுவா சயா. முழிச்சுக்கும்."

"எது முழிச்சுக்கும்?"

"பூமி. தூங்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வீட்டில் தம்பிப் பாப்பா குதித்தால் அடிக்கிறாள் என்று அவள் அம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அத்தனை மாதம் இந்த ஊரையே இடியாமல் காப்பாற்றுகிற வேலையை அந்தப் பிள்ளை தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், தம்பி. நுனிக்காலில் நடந்து. அந்த வேலையைக் கொடுத்தவன் நான். கைதட்டலும் வாங்கிக்கொண்டு வந்தவன். அந்த நிமிஷம் எனக்கு மோ மோவோடு உன் குரலும் சேர்ந்து கேட்டது. கிட்டார் மட்டும் ஈரம் படாம பாத்துக்குங்கப்பா. நீ வளர்ந்த பிள்ளை, வாயால் தெரியும் என்று சொல்வாய். ஆனால் தெரியும் என்று சொல்கிறவர்கள் நுனிக்காலில் நடக்கிறார்களா என்று பார்ப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்?

நான் தரையில் அவள் எதிரே உட்கார்ந்தேன். என் உடம்புக்கு அது சின்ன காரியம் இல்லை. "மோ மோ, நான் சொன்னது பொய்" என்றேன். "பூமி தூங்கவும் இல்ல, முழிக்கவும் இல்ல. நீங்க எல்லாரும் அழுதீங்க, சிரிக்க வைக்கலாம்னு நானா கட்டிவிட்டேன். நீ எப்படி நடந்தாலும் பூமிக்குத் தெரியாது." அவள் நம்பவில்லை. ஒரு முறை பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டவனை எப்படி நம்புவாள்? "வேணும்னா பாரு" என்று எழுந்து, ஒரு குதி குதித்தேன். நம் பள்ளிக்கூடம் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், சிக் ரூம் மாடியில், தரை பலகை. கட்டில் நகர்ந்தது, ஜன்னல் கண்ணாடி கிலுகிலுத்தது. மோ மோ கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு காலால் மெல்லத் தட்டிப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு காலால் ஓங்கி மிதித்தாள். அப்புறம் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். நான் தொப்பையோடு, அவள் கையில் செருப்போடு.

கீழே பெரிய சயாமாவின் அறை இருப்பதை நான் யோசிக்கவில்லை. படியில் தடதடவென்று சத்தம். கதவில் வந்து நின்றார், தலை முழுக்கச் சுண்ணாம்புத் தூசி, முழங்காலெல்லாம் அழுக்கு. மேசைக்கு அடியில் போயிருந்திருக்கிறார், பாவம். "சயா! ஆடுச்சா? மறுபடியும் ஆடுச்சா?"

"இல்ல சயாமா" என்றாள் மோ மோ. "நாங்கதான்."

அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பெரிய சயாமா என்னை என்ன சொன்னார் என்பதை மலரில் எழுத முடியாது.

அவர் போனதும் மோ மோ கேட்டாள்: "மறுபடி ஆடுமா சயா?" என் நாக்கு வழக்கம்போல ஒன்றைத் தயார் செய்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். "தெரியாது" என்றேன். இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து இவ்வளவு சின்ன வார்த்தை வருவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது!

"ஆடினா?"

"ஆடினா நீ மேசைக்கு அடியில போய் மேசைக்காலைப் பிடிச்சுக்க. நான் அந்தப் படியில ஏறி உன்கிட்ட வருவேன்."

அவள் என் தொப்பையைப் பார்த்தாள். "நீங்க மேசைக்கு அடியில நுழைய மாட்டீங்களே."

"வெளியே உக்காந்து கையைப் பிடிச்சுக்குவேன்."

அதைக் கொஞ்சம் யோசித்தாள். "சரி, வயிறு இப்போ கொஞ்சம்தான் வலிக்குது" என்றாள். முழுசாகப் போய்விட்டது என்று அவள் சொல்லவில்லை. முழுசாகப் போய்விடும் என்று நானும் சொல்லவில்லை. விளையாட்டு மணி முடிவதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே போனாள்.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் மலர்க்குழுவினருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். சந்தையில் வியாபாரம் படுத்துவிட்டது. மோ மோவின் அப்பா கடையைக் கொடுத்துவிட்டு, த்வாண்டேயில் இருக்கிற மனைவி வீட்டுக்கே குடும்பத்தோடு போவதென்று முடிவு செய்தார். பருவம் முடிகிறவரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. வகுப்பில் ஏற்கெனவே காலியான பெஞ்சுகளோடு இன்னொன்று. போகிற நாளில் அவள் மாடிக்கு வந்து, கை குவித்துக் குனிந்து என்னைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். அப்புறம் படியில் இறங்கினாள் பார், ஒவ்வொரு படியிலும் ஓங்கி ஓங்கி மிதித்து, கட்டடமே அதிரும்படி! எனக்குக் கேட்கட்டும் என்றுதான். பெரிய சயாமா அன்றைக்கு யாரையும் அதட்டவில்லை. கடைசிப் படிச் சத்தம் நின்றதும் நான் கட்டிலில் உட்கார்ந்து, இல்லாத மொஹிங்காவை ஊதிக்கொண்டிருந்தேன். படியில் ஏறி உன்னிடம் வருவேன் என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னவன் நான். த்வாண்டேயில் நிலம் ஆடினால் நான் எந்தப் படியில் ஏறுவேன்? அந்த வாக்கும் என் கையில்தான் மிச்சம் இருக்கிறது.

போன வாரம் அம்மாவிடம், "ஒருவேளை வந்தா மாமா வீட்ல தங்கிக்கிறேன்" என்று நீ சொன்னாயாம். அவள் அதை என்னிடம் சொல்லிவிட்டு, கோபிக்கக்கூட இல்லை, உன் அறைக்குள் போய் மிளகாயைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அதனால்தான் இந்தக் கடிதம். விமான நிலையத்தில் நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். எப்போது திரும்பி வரலாம் என்று எனக்குத் தெரியாது, தம்பி. வா என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. வராதே என்று சொல்ல வாய் வரவில்லை. உன் வயதுப் பையன்கள் யாரும் இல்லாத தெருவில் தினமும் நடந்து வேலைக்குப் போகிறேன். பயம் வயிற்றுக்கு இறங்கிவிட்டது. இப்போதெல்லாம் எனக்கே காலையில் வயிறு வலிக்கிறது. அங்கே உனக்கு ஒன்று என்றால் உன்னிடம் ஏறி வர எனக்குப் படி இல்லை. அதையும் மறைக்கவில்லை.

என்னால் செய்ய முடிகிறது ஒன்றுதான். அந்த மணிக்கயிறு. நம் தெருவில் எல்லா மாடியிலிருந்தும் கயிறு தொங்குகிறது, ஆனால் நீ காலேஜ் விட்டு வந்து இழுக்கிற மாதிரி யாரும் இழுத்ததில்லை. ஒரு தடவை மணியே கழன்று, கீழே வெற்றிலைக் கடைக்காரரின் சுண்ணாம்புக் கிண்ணத்தில் விழுந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டதும் நான்தான். மழையில் பழைய கயிறு நைந்துபோய்விட்டது என்று போன ஞாயிற்றுக்கிழமை புது நைலான் கயிறு வாங்கி மாட்டினேன். கீழ் நுனியில் புதுக் கிளிப்பும் மாட்டியிருக்கிறேன், மேலிருந்து இறக்குகிற சாவி நழுவாது. அம்மா சிரித்தாள்: "யாருக்குங்க இவ்வளவு கெட்டிக் கயிறு?" கேலியாக ஒன்று வாயில் வந்தது. சொல்லவில்லை.

நீ வருகிற நாள் எதுவாக இருந்தாலும், கீழே நின்று இழு. நான் பால்கனிக்கு வந்து சாவியை இறக்குவேன். அப்பா தூங்குவாரோ, வீட்டில் வேறு யாராவது இருப்பார்களோ என்று நினைத்து மெல்ல மட்டும் இழுக்காதே. மணி கழன்று விழுந்தால் விழட்டும். வெற்றிலைக் கடைக்காரரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் அப்பா